பட்டறை தேடிப் போனவர்கள்

1963ஆம் ஆண்டு வெளியான ‘கலை அரசி’ என்ற படத்தை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக்கோளைத் திரையில் காட்டிய தமிழின் தொடக்ககாலப் படங்களில் ஒன்று என்பதால் திரைப்பட வரலாறுகளில் ஓரிரு வரிகள் அதற்குக் கிடைக்கின்றன. அதன் கதை முடிச்சு இதுதான். விஞ்ஞானத்தில் நம்மைவிட வெகுதூரம் முன்னேறிவிட்ட ஒரு கோள். அங்கே பறக்கும் ஊர்தி உண்டு. இசையும் நடனமும் இல்லை. எனவே பூமிக்கு ஆள் அனுப்பி, நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் மக்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக. தூக்கிப் போக வருபவர் நம்பியார். மீட்டுவரப் போகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அட்டை அரங்கங்களையும் பளபளக்கும் உடைகளையும் பார்த்து இன்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கதையின் அடியில் ஓடுவது சிரிப்புக்குரிய விஷயம் அல்ல. வசதி மிகுந்த ஒரு நாடு, தன்னிடம் இல்லாத திறமையை வசதி குறைந்த இடத்திலிருந்து அழைத்துப் போகிறது. படம் வந்து இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி அதையே செய்யத் தொடங்கியது. யாரையும் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்று போனார்கள்.

தமிழில் இவ்வளவு வாசகர்களைக் கண்ட அறிவியல் புனைகதை நாவல்கள் ஏன் அந்த நாவல்களாகவே திரைக்கு வரவில்லை என்பது என் நெடுநாளைய கேள்வி. திருச்சியைச் சுற்றி இத்தனை கல்லூரிகளும் ஆலைகளும் இருந்தும் கைதேர்ந்தவர்கள் ஏன் தலைமுறை தலைமுறையாக வெளியேறினார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் யோசித்து வந்தேன். சுஜாதாவை மீண்டும் வரிசையாகப் படித்தபோது இரண்டுக்கும் வேர் ஒன்றோ என்ற எண்ணம் எழுந்தது. அதை எழுதிப் பார்க்கும் முயற்சி இது.

*

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் தீவு. ஊருக்குள் கோயில் என்பதைவிடக் கோயிலுக்குள் ஊர் என்பதே பொருத்தம். ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் சித்திரை வீதியில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாசலில் போட்டிருந்த கோலத்தை அதில் காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பேரன். அங்கே முந்தைய நாள் மாலை. அழைப்பு முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பையன் எங்கே இருக்கார்?” என்று கேட்டேன். நாட்டின் பெயரையோ நகரத்தின் பெயரையோ அவர் சொல்லவில்லை. “வெளியில” என்றார். அந்த வீதியில் அது போதுமான விலாசம்.

அந்த வீதிகளில் வளர்ந்தவர்தான் சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன். 1935 மே 3ஆம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தைக்கு மாற்றலாகிக்கொண்டே இருக்கும் அரசு வேலை. பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். வேலை ஓரிடம், குடும்பம் ஓரிடம் என்ற ஏற்பாடு அமெரிக்காவுக்கு முன்பே அந்த ஊருக்குப் பழக்கமாகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் பள்ளி, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அதே இரு கல்லூரிகளிலும் படித்த இன்னொரு மாணவர் ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம்.

சுஜாதாவின் முதல் கதை அச்சேறியதும் திருச்சியில்தான். திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் அது வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அவர் வசனம் எழுதி அவர் வாழ்நாளில் வெளியான கடைசிப் படங்களில் ஒன்றின் பெயரும் ‘சிவாஜி’யாக அமைந்தது. அமெரிக்காவில் பொருளீட்டிவிட்டு ஊருக்கு நல்லது செய்யத் திரும்பிவரும் ஒரு கணிப்பொறிக்காரனின் கதை அது. இந்தத் தற்செயலுக்குப் பின்னால் மீண்டும் வருவேன்.

*

வெளியேற்றத்துக்கு அக்ரகாரத்தில் ஓர் ஆயத்தமான விளக்கம் உண்டு. இடஒதுக்கீடு வந்தது, வாசல் அடைபட்டது, போனோம் என்பார்கள். 1980இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்ததையும், மொத்தம் 69க்குப் போனதையும் சுட்டுவார்கள். ஒரு சில குடும்பங்களின் முடிவில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் வரலாறாக அது நிற்காது. காலக்கணக்கே உதைக்கிறது.

சர் சி.வி. ராமன் பிறந்தது ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள திருவானைக்காவலில், 1888இல். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தை கல்லூரி வேலை கிடைத்து விசாகப்பட்டினத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அப்போது ஒதுக்கீடும் இல்லை, நீதிக்கட்சியும் இல்லை. ஆங்கிலக் கல்வி பெற்றவருக்கு ஊரில் அதற்கேற்ற வேலை இல்லை என்ற ஒன்றுதான் இருந்தது. ராமன் படித்து முடித்தபோது மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகும் யோசனை எழுந்தது; அந்தத் தட்பவெப்பத்தை உடம்பு தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அங்கே பௌபஜார் தெருவில் ஓர் ஆய்வுச் சங்கம் கருவிகளோடு ஆளில்லாமல் கிடந்தது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே போய் உழைத்தார். 1928இல் உலகம் அறிந்த கண்டுபிடிப்பு அங்கிருந்து வந்தது. இங்கிலாந்துக்குப் போகாமலே அவர் ராமன் ஆனதற்கு, வேலை செய்ய ஒரு மேஜை கிடைத்ததே காரணம். ஆனால் அந்த மேஜைக்காகத் திருவானைக்காவலிலிருந்து ஆயிரம் மைல் தள்ளிப் போக வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மேஜையை, அதாவது பட்டறையை, ஊருக்கே கொண்டுவரும் முயற்சி சுதந்திரத்துக்குப் பின் நடந்தது. 1964இல் திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரி. 1965இல் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்புடன் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர்அழுத்தக் கொதிகலன் ஆலை. 1966இல் படைக்கலத் தொழிற்சாலை. ரயில்வேயின் பெரிய பணிமனையோ 1920களின் இறுதியிலேயே நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்துவிட்டிருந்தது. இத்தனையும் ஒரே நகரைச் சுற்றி அமைந்தது சிறு விஷயம் அல்ல. பெல் ஆலையை நம்பி நூற்றுக்கணக்கான சிறு உருக்குப் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் ஒரு நிலையம் வந்தது.

அதே 1965 அக்டோபரில்தான் அமெரிக்காவில் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்பதுதான் 1946ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஒதுக்கீடு. புதிய சட்டம் பிறந்த நாட்டைப் பார்ப்பதை விட்டு, உறவையும் திறனையும் பார்த்தது. தொழில்முறைப் படிப்பாளிகளுக்குத் தனி முன்னுரிமை கொடுத்தது. 1968இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இங்கே அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன? 1966இன் ரூபாய் மதிப்புக் குறைப்பு, பஞ்சம், ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மூன்றாண்டு விடுமுறை. புதிதாகத் திறந்த பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் கல்வி என்ற குழாயைத் திறந்துவிட்டு, மறுபக்கம் தொழில் என்ற வாய்க்காலை வெட்டாமல் விட்டுவிட்டோம். நீர் பள்ளத்தைத் தேடிப் போனது.

அக்ரகார விளக்கம் மறந்துபோகும் இன்னொருவரும் உண்டு. திருவெறும்பூரில் வெல்டிங் கற்றுக்கொண்ட தொழிலாளி. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாவில் கட்டுமானங்கள் எழுந்தன. குழாய் பற்றவைக்கத் தெரிந்த கைக்கு அங்கே விலை இருந்தது. கொதிகலன் குழாயில் பிழையில்லாத பற்றுவைப்பு எளிதல்ல; ஊடுகதிர்ப் படத்தில் தேறியாக வேண்டும். அதில் தேறியவர் அக்ரகாரத்தவர் அல்லர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவரும் அல்லர். ஒதுக்கீட்டால் வாசல் அடைபட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவரும் போனார். திருச்சி விமான நிலையம் நெடுங்காலமாக உள்நாட்டைவிட வெளிநாட்டுப் பயணிகளுக்கே அதிகம் உழைத்து வருவதற்கும், 2024இல் அங்கே பெரிய புதிய முனையம் வந்ததற்கும் அவர்தான் முதற்காரணம். நம் இலக்கியத்தில் ‘திறமை வெளியேறுகிறது’ என்று எழுதப்பட்டபோதெல்லாம் பொறியாளர்தான் கண்முன் நின்றார். வெல்டரை நாம் ‘பிழைக்கப் போனவர்’ என்ற கணக்கில் எழுதினோம். வேறுபாடு திறனில் இல்லை, எழுதியவர்களின் வீதியில் இருக்கிறது.

சம்பளம் காரணமில்லையா? உண்டு, ஐயமே இல்லை. ஆனால் சம்பளம் மட்டுமே காரணம் என்றால், இருமடங்கு கிடைத்த இடத்துக்கெல்லாம் எல்லோரும் போயிருக்க வேண்டும், போகவில்லை. கற்றதைக் கேட்டு வாங்கும் ஓர் இடம், அரைகுறையாகத் தெரிந்ததைத் தவறு செய்து திருத்திக்கொள்ள அனுமதிக்கும் ஓர் இடம் ஊரில் அமைந்தவர்களில் பலர் தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களில் ஒருவர் ரங்கராஜன்.

*

அவர் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. இந்தியாவில் அத்தகைய எந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் சோதிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; மின்சாரம் இல்லாத ஊரிலும் மின்கலத்தில் ஓட வேண்டும்; விலை மலிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வாங்கிவர முடியாத ஒரு தேவை, உள்நாட்டிலேயே ஒரு பட்டறையை வேலை வாங்கியது.

அவருடைய புனைகதைக்கும் ஒரு பட்டறை இருந்தது: வார இதழ். தமிழ் அறிவியல் புனைகதையின் வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் போதிய அளவு தரவில்லை. ‘ஆனந்த விகடன்’, ‘குமுதம்’ போன்ற இதழ்கள் வாராவாரம் அத்தியாயம் கேட்டன. ஓவியர் படம் வரைந்தார், வாசகர் மறுவாரமே கடிதம் எழுதினார், ஆசிரியர் பக்கக் கணக்குச் சொன்னார். ஒரு சொல் புரியவில்லை என்றால் ஏழு நாட்களில் தெரிந்துவிடும். கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராத லட்சக்கணக்கானோருக்கு அதைப் பற்றிக் கதை சொல்லும் மொழி அந்த நெருக்கடியில்தான் உருவாயிற்று. சிற்றிதழ்க்காரர்கள் வணிக இதழை எவ்வளவு குறை சொன்னாலும் இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிற்றிதழிலும் அவருக்கு இடம் இருந்தது. ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதிவந்தார்.

வெளியேற்றத்தையும் அவர் விடவில்லை. ‘பிரிவோம் சந்திப்போம்’ நாவலில் பாபநாசம் அணைக்கட்டுக் குடியிருப்பில் பொறியியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் ரகுபதி, மதுமிதாவை நேசிக்கிறான். அமெரிக்காவிலிருந்து வரும் மாப்பிள்ளை அவளை மணந்து போய்விடுகிறான். பிறகு ரகுபதியும் அமெரிக்காவுக்கே போகிறான். இளமைக் காதல் கதையாகவே இது படிக்கப்பட்டது. 2009இல் ‘ஆனந்த தாண்டவம்’ என்று படமானபோதும் அப்படியே. ஆனால் அதன் முதல் பாகத்தில் அணையும் மின்நிலையமும் பின்னணியில் நின்றுகொண்டே இருக்கின்றன. ஒரு தலைமுறை கட்டிய அணையின் நிழலில் அடுத்த தலைமுறைப் பொறியாளன் செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். காதல் தோற்பதற்கு முன்பே அவன் தோற்றிருக்கிறான்.

*

இனி திரைப்படம். சுஜாதாவின் குற்றக்கதைகளும் குடும்பக்கதைகளும் 1970களின் பிற்பாதியிலேயே படமாகத் தொடங்கிவிட்டன: ‘காயத்ரி’ 1977இல், ‘பிரியா’ 1978இல், ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ 1981இல். அவற்றை எடுக்கக் கார், வீடு, ஆறு, நடிகர்கள் இருந்தால் போதும். விஞ்ஞானக் கதைக்கு வரும்போது நிலைமை வேறு.

தமிழ் சினிமாவில் தந்திரக் காட்சிக்கான திறமை எப்போதுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1957இன் ‘மாயாபஜார்’ படத்தில் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இலேயே அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து ‘காடு’ என்ற படத்தில் அழிந்துபோன மாமத யானைகளைத் திரையில் நடமாடவிட்டது. அந்த ஸ்டுடியோக்களில் தச்சர்கள், வர்ணம் பூசுபவர்கள், மாதிரி வடிவம் செய்பவர்கள், ரசாயனம் அறிந்தவர்கள் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். புராணப் படங்களுக்காகக் கூடிய அந்தத் திறமையின் நீட்சிதான் ‘கலை அரசி’யின் வேற்றுக்கோள். 1970களில் அந்த ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. காமிரா வீதிக்கு வந்தது, கிராமத்துக்குப் போனது. அதனால் தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த நன்மைகள் பல. இழப்பும் ஒன்று உண்டு: இல்லாத உலகைக் கையால் செய்துகாட்டும் மரபு அறுந்தது. தமிழ் அறிவியல் புனைகதை முதிர்ச்சி பெற்ற அதே காலத்தில் அதைப் படமாக்கக்கூடிய பட்டறைகள் மூடப்பட்டன. இரண்டும் சந்திக்கவே இல்லை.

1986இல் வந்த ‘விக்ரம்’ அந்தச் சந்திப்புக்கு மிக அருகே போன முயற்சி. கமல்ஹாசனுக்காகச் சுஜாதா எழுதிய கதை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே பத்திரிகையில் தொடராகவும் வந்தது. கிளார்க்கும் குப்ரிக்கும் ‘2001’ஐ நாவலாகவும் படமாகவும் ஒருங்கே வளர்த்தது போன்ற ஏற்பாடு. கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. மூன்றாண்டுகள் கழித்து, 1989 மே மாதம், புனித ஜோசப்பில் படித்த அந்த இன்னொரு மாணவரின் தலைமையில் உண்மையான ‘அக்னி’ பாய்ந்தது. கற்பனை நிஜத்தை முந்தியது என்று இதைச் சொல்வதுண்டு. எனக்கு வேறு ஒன்று படுகிறது. உண்மையான ஏவுகணையைச் செய்ய இந்த நாட்டில் ஒரு பட்டறை இருந்தது. பொய்யான ஏவுகணையை நம்பும்படி செய்ய ஒன்று இல்லை. படத்தின் முதல் பாதி ஏவுகணையைத் துரத்துகிறது. இரண்டாம் பாதி சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போய், பழைய ராஜா ராணிப் படத்தின் அரங்கத்துக்குள் தஞ்சம் புகுகிறது. கையில் தொழில் இருந்த இடத்துக்குத்தான் கதை திரும்ப முடிந்தது.

அதே ஆண்டுகளில் விகடனில் வந்தது ‘என் இனிய இயந்திரா’. தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’. இன்று நாம் கடந்துவிட்ட 2020களின் தொடக்கத்தில் கதை நடக்கிறது. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெறக்கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற சாதாரணப் பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அப்படி ஒருவன் இருந்ததற்கே பதிவு இல்லை என்று கணிப்பொறி சொல்லிவிடுகிறது. அவள் வீட்டுக்கு வந்து சேரும் ஜீனோ என்ற இயந்திர நாய் மெல்ல மெல்லச் சிந்திக்கத் தொடங்குகிறது. தூர்தர்ஷன் இதைத் தொடராக்கியது. திரைப்படமாக இந்நாவல் நாவலாகவே வரவில்லை.

2010இன் ‘எந்திர’னில் இதன் சாயல் உண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது, 2008 பிப்ரவரியில் மறைந்த சுஜாதாவின் பங்களிப்பு அதன் வசனத்திலும் இருக்கிறது. ஆனால் ஷங்கரின் அந்தப் படம் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது எது, விட்டுச் சென்றது எது? உணர்வு பெறும் எந்திரம் வந்தது. பதிவேட்டிலிருந்து மனிதனை அழிக்கும் அரசு வரவில்லை. வழி தெரியாமல் விழிக்கும் நிலா வரவில்லை. அவள் இடத்தில் நாயகனின் காதலி வந்தாள். எழுதியவரைச் சினிமா அழைத்துக்கொண்டது; எழுதப்பட்டதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நாவலாசிரியரை வசனகர்த்தாவாகப் பயன்படுத்துவதும் ஒருவகைக் குடிபெயர்ப்புதான்: ஆள் போகிறார், ஊர் பின்தங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழ வேண்டும், நியாயமானது. ‘என் இனிய இயந்திரா’வை எடுக்கப் பெரிய தந்திரங்கள் தேவையா? பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’ நாவலைத் த்ரூஃபோ 1966இல் படமாக்கியபோது சில வீடுகளும் தீயணைப்பு வண்டியும் எரியும் புத்தகங்களும்தான் பெரும்பாலும் அவருக்குத் தேவைப்பட்டன. நிலாவின் பயத்துக்கு ஓர் அலுவலக அறையும், ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று காட்டும் ஒரு திரையும் போதாவா? போதும். ஆகவே கருவி இல்லாமை மட்டும் காரணம் அல்ல. நாவலைத் திரைக்கதையாக மாற்றும் கலைக்கும் நம்மிடம் பட்டறை இல்லை. நாவலை வாசித்து, எதை விடுவது எதைக் காப்பது என்று மாதக்கணக்கில் வாதாடி, தவறாக எழுதித் திருத்தி எழுதுபவர்கள் ஒரு தொழிலாகவே வளரவில்லை. 2015இன் ‘இன்று நேற்று நாளை’, 2024இன் ‘அயலான்’ என்று அண்மைக்காலத்து நல்ல முயற்சிகளும்கூட இயக்குநர் தாமே கதை எழுதிய படங்கள்தான். நாவல்கள் அலமாரியில் இருக்கின்றன.

*

இது தமிழுக்கு மட்டுமான கதையும் அல்ல. சத்யஜித் ராய் தன் வங்கச் சிறுகதை ஒன்றை அடியாகக் கொண்டு 1967இல் ‘ஏலியன்’ என்று ஒரு திரைக்கதை எழுதினார். கொழும்பில் குடியேறியிருந்த ஆர்தர் கிளார்க் அவருக்கு உதவினார், ஹாலிவுட் வரை பேச்சு போனது, படம் நடக்கவில்லை. குளத்தில் வந்து இறங்கும் கலத்தைக் கட்ட வங்காளத்தில் வழியில்லை என்பதால் கதை கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் அதற்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

பட்டறை இருந்த இடத்திலும் அது நிலைக்கும் என்று உறுதியில்லை. தேயா ஃபான் ஹார்போவின் ‘மெட்ரோபோலிஸ்’ நாவலைக் கணவர் ஃப்ரிட்ஸ் லாங் 1927இல் படமாக்கியபோது பெர்லினின் உஃபா ஸ்டுடியோ உலகின் தலைசிறந்த பட்டறைகளில் ஒன்று. கண்ணாடிகளை வைத்துச் சிறு மாதிரிகளைப் பெருநகரமாகக் காட்டும் உத்தியைத் தந்த ஷுஃப்டான், ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், இயக்குநர் லாங் என்று அதன் கைகள் பின்னர் அமெரிக்கா சேர்ந்தன. ஃப்ராய்ண்ட் முன்னதாகவே தொழில் தேடிப் போனவர். மற்ற இருவரையும் விரட்டியது நாஜி ஆட்சி. ஷுஃப்டானுக்கு அறுபதுகளில் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. பெர்லினுக்கு அந்த உச்சம் திரும்பவில்லை. ஓர் ஊர் தன் கைகளை இழக்க வறுமை மட்டும்தான் வேண்டும் என்பதில்லை.

நேர்மாறான சான்று ஸ்ரீரங்கத்திலேயே நிற்கிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன தெற்குக் கோபுரம், ஏறத்தாழ 400 ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. அகோபில மடத்து ஜீயர் அதை எடுத்துக்கட்டத் துணிந்தார். 1987இல் 13 நிலைகளுடன் 236 அடி உயரத்தில் எழுந்தது. ஜீனோ விகடனில் ஓடிக்கொண்டிருந்த அதே காலகட்டம். 400 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஸ்தபதிகள் எங்கிருந்து வந்தார்கள்? தமிழ்நாட்டில் எங்காவது ஒரு கோயிலில் எப்போதும் ஏதாவது ஒரு திருப்பணி நடந்துகொண்டே இருந்தது. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு உளி மாறியது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசே ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கியிருந்தது. மொட்டைக் கோபுரம் நின்றிருந்தது, தொழில் நிற்கவில்லை. ஆகவே என்றோ ஒருநாள் கோபுரமும் முடிந்தது.

*

இன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். ‘எந்திர’னுக்கு அசையும் பொம்மைகள் அமெரிக்காவிலிருந்தும் சண்டை அமைப்பு சீனத்து யூன் வூ-பிங்கிடமிருந்தும் வந்தன, ஆனால் காட்சி விளைவுகளை ஒருங்கிணைத்தவர் நம்மவரான ஸ்ரீனிவாஸ் மோகன். அதற்குப் பின் சென்னையில் வரைகலைக் கூடங்கள் பெருகின. ‘அயலா’னின் வேற்றுக்கோள் உயிரை உருவாக்கியது சென்னைக் கூடம்தான். பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ 1965ஆம் ஆண்டு நாவல். அரை நூற்றாண்டாகப் படமாக்க முயன்று பலர் தோற்றது. அதன் புதிய திரைவடிவங்களின் காட்சி விளைவுகளுக்கு 2022இலும் 2025இலும் ஆஸ்கர் வென்ற நிறுவனத்துக்கு மும்பையிலும் சென்னையிலும் பெரிய கிளைகள் உண்டு. திருச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இப்போது விமானம் ஏறாமலே, கிண்டியிலோ வடபழனியிலோ உட்கார்ந்து, வேறு மொழியின் நாவல் படமாக உழைக்க முடியும்.

இதை வெற்றி என்பதா, வெளியேற்றத்தின் புதிய வடிவம் என்பதா? என் பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் இங்கே இருக்கிறார், மாலையில் வீடு திரும்புகிறார், அம்மாவின் கையால் சாப்பிடுகிறார். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் எந்தக் கதைக்கு அவர் கை உழைக்கும் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். வேலை கொடுக்கும் நிறுவனம் வெளியூரில் தள்ளாடினால் இங்கே சம்பளம் நிற்கிறது. 2013இல் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் வாங்கிய அமெரிக்க நிறுவனம், அதே மாதத்தில்தான் திவாலானதாக அறிவித்திருந்தது. புதுச்சேரிச் சிறுவன் ஒருவனின் கதை அது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் சினிமா நமக்குக் காட்டிய கனவுகளை இப்போது திரும்பிப் பார்க்கலாம். ‘சிவாஜி’யின் நாயகன் அமெரிக்காவிலிருந்து திரும்பிவருகிறான். ‘எந்திர’னின் வசீகரன் சென்னையிலேயே தங்கித் தன் வீட்டில் எந்திர மனிதனைச் செய்கிறான். பார்த்தவர்கள் எந்திரத்தைக் கற்பனை என்றும் விஞ்ஞானியை நிஜம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். திருச்சியின் அறுபது ஆண்டுகளைப் பார்த்தால் விஞ்ஞானியைத்தான் அதிகம் கற்பனை செய்ய வேண்டியிருந்தது என்று படுகிறது.

மொட்டைக் கோபுரம்போல நிலாவின் கதையும் அடித்தளத்தோடு நிற்கிறது. கருவிகள் இப்போது ஊரிலேயே இருக்கின்றன, கைகளும் இருக்கின்றன. அவற்றை நம் கதைக்காகக் கேட்டு வாங்கும் ஒருவர் வர வேண்டும். அப்படி ஒரு படம் வந்தால், தலைப்பெழுத்துகள் ஓடும்போது எழுந்து போகாமல் கடைசிப் பெயர் வரை உட்கார்ந்து பார்ப்பேன். அந்தப் பெரியவரின் பேரனின் பெயர்கூட அதில் இருக்கலாம்.